மோட்டார்ஹோமுக்கு எந்தப் பேட்டரி? மெல்பர்ன் வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் ஆஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்ப்பதற்காக, ஃபியட் டுக்காட்டோ வண்டியில் கட்டப்பட்ட 2016ஆம் ஆண்டு மோட்டார்ஹோம் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறோம். அதில் இருக்கைக்கு அடியில் 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடப்பட்ட ஈய வகை) பேட்டரிகள் இரண்டும், கூரையில் 160 வாட் சோலார் பேனல் ஒன்றும் உள்ளன. மின் இணைப்புள்ள முகாம்களில் தொல்லை இல்லை. இணைப்பில்லாத இடத்தில் தங்கினால் இரண்டாம் நாள் விடியற்காலையில் 12 வோல்ட் குளிர்பெட்டி நின்றுவிடுகிறது. என் மனைவி தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத் தடைக்காகச் சீபாப் கருவி வைத்துத்தான் உறங்குகிறார். அதுவும் ஒருநாள் நின்றுவிடுமோ என்று அஞ்சுகிறேன். ஒரு கடையில் 600 ஆம்பியர்-மணி லித்தியமும் 3000 வாட் இன்வெர்ட்டரும் போடச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர், புதிய ஏஜிஎம் இரண்டு வாங்கினால் போதும் என்கிறார். லித்தியம் தீப்பிடிக்கும் என்று மனைவிக்குப் பயம். சென்னை வீட்டில் இன்வெர்ட்டருக்கு டியூபுலர் பேட்டரி வைத்துப் பல ஆண்டுகள் ஓட்டினோம்; அதையே இங்கும் வைத்தால் என்ன? டிசம்பர், ஜனவரியில் நாங்கள் சென்னை செல்வோம். வண்டி இரண்டு மாதம் சும்மா நிற்கும். எங்களுக்கு எந்தப் பேட்டரி, எவ்வளவு வேண்டும்?

பதில்:

அன்புள்ள ஐயா,

நீங்கள் கேட்டிருப்பவை அனைத்துக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கடிதத்தில் இல்லை. பேட்டரியிலிருந்து இன்று எடுக்கும் மின்சாரம் நாளை எங்கிருந்து திரும்பி வரும் என்பதே அது. கடைக்காரர் பேட்டரியின் அளவைப் பற்றிச் சொன்னார், நண்பர் வகையைப் பற்றிச் சொன்னார். நிரப்புவதைப் பற்றி இருவரும் சொன்னதாகத் தெரியவில்லை. மின் இணைப்பில்லாத இடத்தில் நிற்கும் வண்டிக்குப் பேட்டரி வாங்கும்போது நிரப்பும் வழியை முதலில் முடிவு செய்துவிட்டால், வகையும் அளவும் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும்.

உங்கள் சென்னை வீட்டு இன்வெர்ட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு இரண்டு மணி நேரம் இருக்கும். மின்சாரம் வந்த பிறகு எஞ்சிய நேரம் முழுவதும் பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும். ஈயப் பேட்டரிக்கு மிகவும் உகந்த வாழ்க்கை அதுதான்: சிறிது இறங்கி, உடனே முழுமையாக நிரம்பி, நிரம்பிய நிலையிலேயே காத்திருப்பது. மோட்டார்ஹோமில் இதற்கு நேர் எதிரான வாழ்க்கை. ஒவ்வொரு இரவும் ஆழமாக இறங்குகிறது, பகலில் பாதிதான் ஏறுகிறது, அந்தப் பாதி நிலையிலேயே மறுபடியும் இறங்கத் தொடங்குகிறது. முழுமையாக நிரம்பாமல் நாட்கணக்கில் கிடக்கும் ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகங்களாக இறுகிவிடும். அவ்வாறு இறுகிய பகுதி மீண்டும் மின்சாரத்தைச் சேமிக்காது. அதோடு, டியூபுலர் பேட்டரியில் அமிலம் திரவமாகவே இருப்பதால், ஓடும்போது குலுங்கவும் சாயவும் செய்கிற வண்டிக்குள், இருக்கைக்குக் கீழே, ஹைட்ரஜனை வெளியேற்ற வழியில்லாத பெட்டியில் அதை வைப்பதற்கில்லை. ஆகவே அந்த யோசனையை விட்டுவிடலாம்.

இனி உங்கள் அன்றாடச் செலவைக் கணக்கிடுவோம். நீங்கள் அனுப்பிய விவரங்களை வைத்துக்கொண்டு, உங்கள் அளவுள்ள வண்டிகளில் பொதுவாகக் காணும் எண்களைப் பொருத்திப் பார்க்கிறேன். எல்லாம் 12 வோல்ட்டில் ஆம்பியர்-மணிக் கணக்கு; ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஓர் ஆம்பியர்-மணி. கம்ப்ரசர் குளிர்பெட்டி மிதமான வானிலையில் ஒரு நாளைக்கு 60 எடுக்கும். கோடையில் வண்டி வெயிலில் நின்றால் 80ஐயும் தொடலாம். எல்இடி விளக்குகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சேர்த்து 6 போதும். கூரை விசிறிக்கோ, குளிர்காலமானால் டீசல் ஹீட்டருக்கோ 10. கைப்பேசிகளுக்கும் மடிக்கணினிக்கும் 10. தொலைக்காட்சிக்கு 6. மிக்சிக்கு 6. சீபாப் கருவிக்கு, ஈரப்பதமூட்டும் சூடேற்றியை அணைத்துவிட்டால், ஓர் இரவுக்கு ஏறத்தாழ 20. மொத்தம் 118, வசதிக்காக 120 என்று வைத்துக்கொள்ளலாம்.

வரவு என்னவென்று பார்ப்போம். கூரையில் தட்டையாகப் படுத்திருக்கும் பேனல், பெயர்ப்பலகையில் எழுதிய வாட் அளவை நாள் முழுவதும் தராது. ஜூன் மாதத்து மெல்பர்னில் கிடைக்கும் வெயிலை முழு உச்சி வெயிலாகக் கணக்கிட்டால் இரண்டு மணி நேரத்துக்குக்கூட முழுதாக வராது. ஜனவரியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வரும். வடமேற்கு ஆஸ்திரேலியாவிலுள்ள ப்ரூம் நகரில், அங்கே வறண்ட பருவமான ஜூன் மாதத்திலேயே ஐந்து மணி நேரம் அளவுக்குக் கிடைக்கும். வெப்பம், தூசி, கம்பி இழப்பு ஆகியவற்றுக்காகக் கால் பங்கைக் கழித்துவிட்டால், உங்கள் 160 வாட் பேனல் மெல்பர்ன் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு 20 ஆம்பியர்-மணியும், நல்ல கோடையில் 55 ஆம்பியர்-மணியும் தரும். செலவோ 120. எந்தப் பருவத்திலும் வரவு செலவுக்குப் பாதியைக்கூடத் தொடவில்லை.

இரண்டாம் விடியலில் குளிர்பெட்டி நிற்பதன் காரணம் இதிலேயே இருக்கிறது. பெயரளவில் உங்களிடம் 200 ஆம்பியர்-மணி உள்ளது. வண்டியோடு வந்த பழைய பேட்டரிகளில் அது இப்போது 140 அளவுக்குக் குறைந்திருந்தால் வியப்பில்லை. முதல் நாளில் நிகரமாக 100 குறைகிறது. இரண்டாம் இரவில் மீதியும் தீர்கிறது. கடைக்காரர் சொல்லும் 600 ஆம்பியர்-மணியை இதே பேனலோடு இணைத்தால் இரண்டாம் நாளில் நிற்பது ஐந்தாம் நாளில் நிற்கும், அவ்வளவுதான். ஒருமுறை தீர்ந்த பின், எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு வெயிலை மட்டும் நம்பியிருந்தாலும், குளிர்காலத்தில் அதை நிரப்ப ஒரு மாதம் ஆகும். 600 ஆம்பியர்-மணி தவறான பொருள் என்று நான் சொல்லவில்லை. ஏசி ஓட்டுகிறவர்களுக்கும் மின்அடுப்பிலேயே சமைப்பவர்களுக்கும், கூரை முழுவதும் பேனல் விரித்திருந்தால், அது பொருந்தும். உங்கள் பயன்பாட்டுக்கு அது பணத்தையும் எடையையும் வீணாக்குவதாகும்.

ஆகையால் முதல் செலவைக் கூரையில் செய்யுங்கள். டுக்காட்டோ வண்டியின் கூரையில் விசிறித் திறப்புகள் போக எஞ்சும் இடத்தில், இப்போதுள்ளதையும் சேர்த்து 480 வாட் அளவுக்குப் பொருத்த முடியும் என்றே நினைக்கிறேன். அளந்து பார்த்துச் சொல்லுங்கள். அது மெல்பர்ன் குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 55, கோடையில் 165, வறண்ட பருவத்து வடக்கில் 140 ஆம்பியர்-மணி தரும். கோடையிலும் வடக்கிலும் செலவை ஈடுகட்டிவிட்டுச் சிறிது மிச்சமும் இருக்கும். தெற்கின் குளிர்காலத்தில்தான் நாளுக்கு 65 துண்டு விழும். மடக்கி எடுத்துச் செல்லும் பேனல் ஒன்றை வைத்துக்கொண்டு, தரையில் சாய்த்து வடக்கு நோக்கி வைத்தால், தட்டையாகக் கிடக்கும் பேனலைப் போல ஒன்றரை மடங்கு வரை அந்தப் பருவத்தில் கிடைக்கும். சென்னையில் பேனலைத் தெற்கு நோக்கி வைக்கும் பழக்கம் கையில் இருக்கும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வந்துவிட்டதால் இங்கே வடக்கு என்பதை நினைவில் வையுங்கள். பேனலுக்கான கட்டுப்பாட்டுக் கருவி, பேனலின் முழுத் திறனையும் எடுத்துத் தரும் எம்பிபிடி வகையா என்றும் பார்க்க வேண்டும்; 2016ஆம் ஆண்டு வண்டியில் மலிவான பழைய வகை இருக்க வாய்ப்புண்டு, அதை மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாவது வரவு வண்டியின் என்ஜின். பழைய மோட்டார்ஹோம்களில் என்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் பேட்டரியையும், விளக்கு, குளிர்பெட்டி முதலியவற்றுக்கான வீட்டுப் பேட்டரியையும் ஒரு ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) மூலம் நேரடியாக இணைத்துவிடுவார்கள். நீளமான மெல்லிய கம்பி வழியாக வோல்ட்டேஜ் குறைந்துபோய், ஏஜிஎம் பேட்டரிக்கு வேண்டிய 14.4 வோல்ட் அதற்குச் சென்று சேராது; மணிக்கணக்கில் ஓட்டியும் பேட்டரி நிரம்பவில்லையே என்று பலர் வியப்பது இதனால்தான். அதே ரிலேயில் லித்தியத்தை இணைத்தால் எதிர்மாறான ஆபத்து. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால், கம்பி தடிமனாக இருந்தால் அது, என்ஜினால் சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் முழுத் திறனையும் இழுக்கும். என்ஜின் மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால், சூடு தணியாமல் அது எரிந்துபோகக்கூடும். இவ்விரண்டுக்கும் மருந்து, நடுவில் வைக்கும் டிசி-டிசி சார்ஜர். அது ஆல்டர்னேட்டரிடமிருந்து ஓர் அளவுக்கு மேல் எடுக்காது. பேட்டரிக்கு வேண்டிய வோல்ட்டேஜைத் தானே உருவாக்கித் தரும். உங்களுக்கு 40 ஆம்பியர் சார்ஜர் போதும். இரண்டு மணி நேரப் பயணத்தில் 80 ஆம்பியர்-மணி ஏறும்; குளிர்காலத்தில் நாளுக்கு விழும் 65 என்ற துண்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று மணி நேரம் ஓட்டினாலே பெரும்பாலும் ஈடுகட்டலாம். முகாமில் நின்றபடி என்ஜினை ஓடவிட்டுச் சார்ஜ் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் தங்கியிருப்பவர்களுக்குத் தொல்லை என்பது ஒருபுறம். டீசல் புகை வடிகட்டி உள்ள என்ஜின்களில் நீண்ட நேரம் வெறுமனே ஓடவிடுவது அந்த வடிகட்டியை அடைத்துவிடும் என்பது மறுபுறம்.

இவ்வளவும் முடிவான பிறகே ஏஜிஎம்மா லித்தியமா என்ற கேள்வி. உங்கள் நண்பர் சொன்னதில் நியாயம் உண்டு. வார இறுதியில் மட்டும் சென்று, பெரும்பாலும் மின் இணைப்புள்ள முகாமில் தங்கி, குளிர்பெட்டியைக் கேஸில் ஓட்டுகிறவருக்கு நான் இன்றும் ஏஜிஎம்மையே சொல்வேன். விலை குறைவு, இருக்கும் சார்ஜரை மாற்ற வேண்டியதில்லை, உறைகுளிரிலும் தயங்காமல் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். ஆனால் அதன் ஆயுளைக் காக்க வேண்டுமானால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. உங்களுக்கு உண்மையில் எடுத்துப் பயன்படுத்த ஏறத்தாழ 200 ஆம்பியர்-மணி வேண்டும் என்று கணக்கு சொல்கிறது: துண்டு விழும் 65ஐ மூன்று நாள் சமாளிக்க 195. அதற்கு ஏஜிஎம்மில் 400 ஆம்பியர்-மணி, அதாவது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ எடையுள்ள நான்கு பேட்டரிகள், மொத்தம் 120 கிலோ வேண்டும். எடை வெறும் சுமையன்று. சாதாரணக் கார் உரிமத்தில் ஓட்டுவதற்கு வண்டியின் மொத்த அனுமதி எடை 4.5 டன்னுக்குள் இருக்க வேண்டும். அதற்குள்ளும் உங்கள் வண்டிக்கென்று தகட்டில் பொறித்த எல்லை ஒன்று உண்டு. தண்ணீர்த் தொட்டியும் அரிசி மூட்டையும் ஏறிய பிறகு பலரும் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் ஓடுகிறார்கள். எடைமேடை ஒன்றில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுங்கள்.

எடையைவிடப் பெரிய வேறுபாடு நிரம்பும் விதத்தில் இருக்கிறது. ஈயப் பேட்டரி 80 விழுக்காடு வரை வேகமாக ஏறும். மீதி 20 விழுக்காட்டை ஏற்க நான்கு, ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டு, மின்னோட்டத்தைத் துளித்துளியாகவே உள்வாங்கும். குளிர்காலச் சூரியனுக்கு அந்த நேரம் கிடையாது. மூன்று மணிக்கே வெயில் தளர்ந்துவிட, பேட்டரி 80லேயே நின்று, மறுநாளும் 80லேயே நின்று, நான் மேலே சொன்ன சல்பேட் இறுக்கத்தால் ஒரே ஆண்டில்கூடக் கெட்டுப்போகலாம். மோட்டார்ஹோம்களில் வைக்கும் லித்தியமான லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஏறத்தாழ நிறையும் வரை கொடுத்த மின்னோட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். பாதியில் நிறுத்தினாலும் அதற்குக் கேடில்லை. கொள்ளளவில் 80 முதல் 90 விழுக்காட்டை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். நல்ல தயாரிப்புகள் 80 விழுக்காட்டு இறக்கத்தில் 2000 சுற்றுகளுக்கு (ஒருமுறை இறங்கி ஏறுவது ஒரு சுற்று) மேல் தாங்கும்; பாதி இறக்கத்தில் ஏஜிஎம் தருவது சில நூறு சுற்றுகளே. வாங்கும் விலையைப் பெயரளவு கொள்ளளவால் வகுக்காமல், எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். விலை வேறுபாடு நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

ஆகவே என் பரிந்துரை: லித்தியம் இரும்பு பாஸ்பேட், மொத்தம் 300 ஆம்பியர்-மணி, 150 கொண்டதாக இரண்டு பேட்டரிகள், இணையாக. ஒரே 300 மலிவாகவே கிடைக்கும் என்று கடையில் சொல்வார்கள், அது உண்மையும்தான். இருந்தாலும் உங்கள் வீட்டில் ஒருவர் மூச்சுக்கருவியை நம்பி உறங்குகிறார். ஒவ்வொரு லித்தியம் பேட்டரிக்குள்ளும் பிஎம்எஸ் என்னும் காவல் சுற்று உண்டு. அது ஏதேனும் காரணத்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டால், இரண்டாவது பேட்டரி தொடர்ந்து மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நிறுவனத்தின், ஒரே சமயத்தில் வாங்கிய, ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். நேர்முனைக் கம்பியை ஒரு பேட்டரியிலிருந்தும் எதிர்முனைக் கம்பியை மற்றதிலிருந்தும் எடுத்தால்தான் இரண்டும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும்.

துணைவியாரின் பயத்தைப் பற்றி. செய்திகளில் வரும் லித்தியம் தீவிபத்துகள் பெரும்பாலும் மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள் பேட்டரிகளில் நேர்பவை. அவற்றில் பரவலாக இருப்பது நிக்கல், கோபால்ட் கலந்த வேதியியல். இரும்பு பாஸ்பேட்டில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால், சூடேறினாலும் அது எளிதில் வெளியேறித் தீயை வளர்ப்பதில்லை. இந்த வேதியியலின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. இதற்கு அடித்தளமான பல்லணு எதிர்மின்னூட்டச் சேர்மங்களை, தமிழ்நாட்டில் பிறந்த பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம் 1980களில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃபுடன் இணைந்து ஆராய்ந்தார். லித்தியம் இரும்பு பாஸ்பேட் 1990களின் பிற்பகுதியில் குடினஃபின் டெக்சாஸ் ஆய்வுக்குழுவிலிருந்து வெளிவந்தது. 2019இல் குடினஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை ஆற்றியவரும் மந்திரம்தான். துணைவியாருக்கு இது ஆறுதல் தருமோ என்னவோ, சொல்லத் தோன்றியது.

எனினும் ஆபத்து அறவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பழுதடைந்த செல்லிலிருந்து எரியக்கூடிய வாயு வெளிவரலாம். அதனால்தான் ஏஎஸ்/என்சட்எஸ் 3001.2:2022 என்னும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரவிதி, லித்தியம் பேட்டரியை மக்கள் வசிக்கும் பகுதிக்குள் வெறுமனே வைக்கக் கூடாது என்கிறது. உள்ளே வைப்பதானால், வசிக்கும் பகுதியிலிருந்து காற்றுப் புகாதபடி அடைத்து, வண்டிக்கு வெளியே காற்றோட்டம் செல்லும் பெட்டியில் வைக்க வேண்டும். உங்கள் ஏஜிஎம் பேட்டரிகள் இப்போது இருக்கைக்கு அடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதே இடத்தில் லித்தியத்தை எடுத்து வைத்துக் கம்பியை முறுக்கிவிடுவது சரியன்று. வெளிப்பக்கக் கதவுள்ள சாமான் அறை ஒன்றில் இடம் பார்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் தரவிதிப்படி செய்யப்பட்டதற்கான எழுத்துச் சான்று கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் ஒருநாள் அதைக் கேட்கும்.

பொருத்துவதில் மேலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். லித்தியம் பேட்டரியில் குறுக்குமின்சுற்று ஏற்பட்டால் பாயும் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியர். சாதாரணக் கார் ஃபியூஸ் உருகினாலும் அந்த மின்னோட்டத்தைத் துண்டிக்க முடியாமல், உருகிய இடைவெளியில் மின்பொறி தொடர்ந்து பாயக்கூடும். 20,000 ஆம்பியர் வரை துண்டிக்கவல்ல கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் ஒன்றைப் பேட்டரிக்கு மிக அருகில் வைக்கச் சொல்லுங்கள். முகாமில் மின் இணைப்பு கிடைக்கும்போது ஓடும் 230 வோல்ட் சார்ஜர், ஈயப் பேட்டரிக்கென்றே செய்ததாக இருந்தால், அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் சுத்திகரிப்பு நிலை அதில் இருக்கும். லித்தியத்துக்கு அது ஆகாது. 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்குள் நிறுத்தும் லித்தியம் அமைப்பு அதில் இல்லாவிட்டால் சார்ஜரையும் மாற்ற வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலைகளைச் சட்டப்படி உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். குளிர்பெட்டிக்குச் செல்லும் கம்பியையும் சோதித்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது பேட்டரி முனையிலும் குளிர்பெட்டி முனையிலும் வோல்ட்டேஜை அளந்தால், வேறுபாடு கால் வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. அரை வோல்ட் இருந்தால், பேட்டரியில் சக்தி இருக்கும்போதே குளிர்பெட்டி நின்றுவிடும்.

இன்னொன்று அவசியம் வேண்டும்: எதிர்முனைக் கம்பியில் ஷண்ட் வைத்த பேட்டரி மானிட்டர். ஏஜிஎம்மில் ஓய்வு நிலையில் 12.7 வோல்ட் என்றால் நிறைவு, 12.1 அல்லது 12.2 என்றால் பாதி என்று ஓரளவு கணிக்கலாம். லித்தியமோ 80 விழுக்காட்டிலும் 40 விழுக்காட்டிலும் ஏறத்தாழ ஒரே 13.2 வோல்ட்டைக் காட்டிவிட்டுக் கடைசியில் சடக்கென்று விழும். உள்ளே சென்றதையும் வெளியே வந்ததையும் எண்ணிச் சொல்லும் ஷண்ட் இல்லாமல் அதைப் பயன்படுத்துவது, அளவுமானி இல்லாமல் டீசல் வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

இன்வெர்ட்டருக்கு வருவோம். 3000 வாட் எதற்கு என்று கடைக்காரரைக் கேட்டீர்களா? இணைத்து வைத்துவிட்டாலே, ஒன்றையும் ஓட்டாமல், அவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் ஒன்று முதல் இரண்டு ஆம்பியர் வரை தானே எடுத்துக்கொள்ளும். நாள் முழுவதும் அணைக்காமல் விட்டால் 24 முதல் 48 ஆம்பியர்-மணி காற்றில் போகும். உங்களுக்கு, வீட்டு மின்சாரத்தைப் போலவே தூய சைன் அலை தரும் 1200 வாட் இன்வெர்ட்டர் போதும், வேண்டும்போது மட்டும் இயக்கிக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கொண்டுவந்த 750 வாட் மிக்சி இதில் ஓடும். இரு நாடுகளிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், பிளக் மட்டும் மாறும். ஐந்து நிமிடச் சட்னிக்கு 6 ஆம்பியர்-மணி. மேசைமேல் வைக்கும் 150 வாட் கிரைண்டரில் முக்கால் மணி நேரம் மாவு அரைத்தாலும் 10க்குள் முடிந்துவிடும். ஆகவே இட்லியை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விட்டுக்கொடுக்க வேண்டியது இண்டக்ஷன் அடுப்பைத்தான்: 1200 வாட்டில் நாற்பது நிமிடம் சமைத்தால் 70 ஆம்பியர்-மணி, அதாவது குளிர்பெட்டி ஒரு நாள் முழுவதும் எடுப்பதைவிட அதிகம். மின் இணைப்புள்ள இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். காட்டில் தங்கும்போது கேஸ் அடுப்பே போதும்.

சீபாப் கருவியை இன்வெர்ட்டர் வழியாக ஓட்ட வேண்டாம். பெரும்பாலான கருவிகளுக்கு 12 வோல்ட்டிலிருந்து நேரடியாக இயக்கும் அடாப்டரை அந்தந்த நிறுவனமே விற்கிறது. இன்வெர்ட்டரின் இழப்பும் மிச்சம், அது நள்ளிரவில் நின்றுவிடும் கவலையும் இல்லை. ஈரப்பதமூட்டியும் சூடேறும் குழாயும் சேர்ந்தால் செலவு இரண்டு, மூன்று மடங்காகும்; அவற்றை அணைத்துவிட்டு உறங்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அது மின்சாரத்தால் மட்டும் முடிவு செய்யும் விஷயமன்று. அணைக்கக் கூடாது என்று அவர் சொன்னால் உங்கள் அன்றாடக் கணக்கு 120லிருந்து 150 அளவுக்கு உயரும். அப்போதும் 300 தாங்கும், மடக்குப் பேனல் மட்டும் கட்டாயமாகிவிடும். ரிலே உள்ள மானிட்டரை வாங்கினால், பேட்டரி 20 விழுக்காட்டுக்கு இறங்கும்போது குளிர்பெட்டியை மட்டும் தானாகத் துண்டிக்கும்படி அமைக்கலாம். கெட்டுப்போன பாலை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். மூச்சுக்கருவிக்கு அந்த 20 விழுக்காடு இரண்டு இரவுகளுக்குப் போதும்.

வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேளுங்கள். 1200 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 110 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்பதால், மற்றது துண்டிக்கப்பட்டாலும் சமாளிக்கும்படி ஒவ்வொரு பேட்டரியும் 110க்குக் குறையாமல் தாங்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாக எதிர்மின்வாயில் படிந்து செல்லை நிரந்தரமாகக் கெடுக்கும். ஆகவே பூச்சியம் டிகிரிக்குக் கீழே சார்ஜைத் துண்டிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்மேனியாவின் மேட்டுநிலத்திலோ ஸ்னோயி மலைப் பகுதியிலோ ஜூலையில் தங்க எண்ணமிருந்தால் இது கட்டாயம் வேண்டும். ஐஈசி 62619 தரச்சான்று கேளுங்கள். எடையையும் பாருங்கள்: 100 ஆம்பியர்-மணி என்று சொல்லிக்கொண்டு 9 கிலோகூட இல்லாத பேட்டரியில், சொன்ன அளவுக்குச் செல் இருப்பது ஐயமே.

இவை அனைத்தையும் செய்வதற்கு முன், பணம் செலவில்லாத ஒரு சோதனை. இருக்கும் ஏஜிஎம் பேட்டரிகளை மின் இணைப்பில் ஒரு நாள் முழுவதும் சார்ஜ் செய்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்து, சில மணி நேரம் ஓய்வுக்குப் பின் அளந்து பாருங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 5 ஆம்பியர் சுமையைப் பத்து மணி நேரம் ஓடவிட்டு, சிறிது ஓய்வு கொடுத்து மறுபடியும் அளந்து பாருங்கள். 12.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேட்டரி இன்னும் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். இரண்டும் தேறினால், இந்தக் கோடைக்குக் கூரைப் பேனல்களையும் டிசி-டிசி சார்ஜரையும் மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள். லித்தியத்துக்கும் ஏஜிஎம்முக்கும் அமைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய சார்ஜராகப் பார்த்து வாங்கினால், பேட்டரியைப் பிறகு மாற்றும்போது அது அப்படியே பயன்படும். ஒன்று மட்டும் கெட்டிருந்தால், கெட்டதை மட்டும் மாற்றிப் பழையதோடு புதியதை இணைக்காதீர்கள். பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். கழற்றும் ஈயப் பேட்டரிகளைப் பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

சென்னை செல்லும் இரண்டு மாதங்களில் செய்ய வேண்டியது பேட்டரியின் வகையைப் பொறுத்தது. ஏஜிஎம் என்றால் முழுமையாக நிரப்பி, பேனலின் சார்ஜ் தொடர்ந்து கிடைக்கும்படி விட்டுச் செல்லுங்கள். லித்தியம் என்றால் மாறாக, 50, 60 விழுக்காட்டில் நிறுத்தி, பேட்டரியின் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிடுங்கள். மெல்பர்ன் கோடையின் 40 டிகிரி நாட்களில் முழு நிறைவோடு கிடப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். சுவிட்சை அணைத்தால் பேனலின் இணைப்பும் துண்டிக்கப்படுகிறதா என்று பொருத்துபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் கட்டுப்பாட்டுக் கருவியோடு இணைந்திருப்பது பல கருவிகளுக்கு ஆகாது என்பதால், பேனலுக்கெனத் தனிச் சுவிட்ச் ஒன்று இருந்து, அதை முதலில் அணைப்பதே முறை. திரும்பி வந்ததும் முதலில் பேட்டரியை இணைத்து, பிறகு பேனலை இணைத்து, ஒருமுறை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள். மானிட்டரின் கணக்கும் அப்போது தானாகச் சரியாகிவிடும்.